பதினொன்றில் தேறாத ஒன்று

அன்புள்ள அண்ணிக்கு,

2004 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. பதினொரு கவிதைகளைச் சோதித்தோம். பத்து தேறின, ஒன்று தேறவில்லை. முடிவை முதலில் சொல்லிவிட்டேன். நீங்கள் எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். "கதையைப் பிறகு சொல்லுங்கோ தம்பி, எத்தினை தேறினது?"

இப்போது கதை.

இந்தக் கடிதத்தை நம் 'மாடிப்படி' இதழிலேயே அச்சிடப் போகிறேன். ஆகவே உங்களைத் தெரியாத வாசகர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் நான் எழுதியிருக்கும் தமிழைத் திருத்த வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தீர்கள். இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கையேடு ஒன்றை அச்சடிக்க அங்கே வந்த என் அண்ணன் மோகன், நீங்கள் போட்ட திருத்தங்களைப் பார்த்துச் சண்டைக்கு வந்தான். மூன்றாவது சண்டைக்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டான். 1991 தொடக்கத்தில் மல்லேஸ்வரம் வீட்டுக்கு உங்களை அழைத்து வந்து, "இவ கவிஞர், ஊர்ல புத்தகமெல்லாம் போட்டிருக்கா" என்றான். புத்தகம் எங்கே என்று கேட்டேன். வரும்போது எடுத்து வர முடியவில்லை என்றான். அப்படியானால் எப்படி நம்புவது என்றேன். எனக்குப் பதினெட்டு வயது, இன்ஜினியரிங் முதல் வருஷம். அம்மா என் கையைக் கிள்ளினாள். நீங்கள் சிரித்துவிட்டு, "தம்பி கேட்டது ஞாயம்தானே" என்றீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் உங்கள் கட்சியில் சேர்ந்தேன். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்ட எந்தக் கேள்வியையும் யாரும் நியாயம் என்று சொன்னதில்லை.

அது உங்களுக்கு நல்ல வருஷம் இல்லை. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கைத் தமிழர் என்றாலே ஊர் வேறு மாதிரி பார்த்தது. மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் மார்க்கெட்டில் கீரை வாங்கி வருவீர்கள். டிசம்பரில் காவிரிப் பிரச்சினை வந்தபோது தமிழர் என்றாலே போதும் என்று ஆகிவிட்டது. தாத்தா மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம் எங்களுடையது. அப்படியும் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

நீங்கள் பலகையைப் பார்த்தீர்கள், எங்களைப் பார்த்தீர்கள். "மே மாதம் இலங்கைக்காரி எண்டாங்கள். இப்ப தமிழ்ச்சி எண்டுறாங்கள். ஒரே வருசத்தில ரெண்டு புரமோஷன்" என்றீர்கள். முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகு அம்மாகூடச் சிரித்தாள், பயத்தோடு.

ஊரடங்கின் இரண்டாம் நாள் எதிர்வீட்டு சுமித்ரா அக்கா பால் கொண்டுவந்தார். வங்கியில் வேலை, கன்னடத்தில் கவிதை எழுதுகிறவர். தெருமுனையில் யாராவது நின்றால் தெரியட்டும் என்று, எங்கள் வாசலில் நின்றே சத்தமாகக் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும், நீங்களும் கவிதை எழுதுகிறவர் என்று தெரிந்து, தன்னுடையது ஒன்றைச் சொன்னார். உங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் "திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ தம்பி" என்று மூன்று முறை கேட்டீர்கள். நான் அலுப்போடு வரிவரியாகப் பொருள் சொன்னேன். அன்று மாலையே அது தமிழில் இருந்தது.

அப்படித்தான் நம் கம்பெனி தொடங்கியது. உங்களுக்குக் கன்னட எழுத்து தெரியாது. எனக்குத் தமிழ் எழுத்தில் தகராறு. பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும்தான். நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் படித்த ஆள் ஒருவர் தேறுவார்.

உங்கள் வேலை முறையைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கவிதையை நான் கன்னடத்தில் வாசித்துப் பொருள் சொல்வேன். நீங்கள் தமிழில் எழுதுவீர்கள். அத்தோடு விடுகிற ஆளா நீங்கள்? அந்தத் தமிழை யாராவது அந்த இடத்திலேயே வாய்மொழியாகக் கன்னடத்துக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சுமித்ரா அக்கா கண்ணை மூடிக் கேட்பார். அது தன் கவிதைகளில் எது, அதில் எது குறைகிறது, எது கூடுதல் என்று அவர் சொல்ல வேண்டும். போன சரக்கு முழுசாகத் திரும்பி வந்தால் தேறியது. இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

திருப்பிச் சொல்லும் வேலையை முதலில் நான்தான் செய்தேன். எல்லாமே முதல் தடவையிலேயே தேறின. சுமித்ரா அக்காவுக்கு ஆனந்தம், "அப்படியே என் வார்த்தை" என்றார். உங்களுக்கு மட்டும் சந்தேகம். "இவ்வளவு சரியா வராது" என்று முணுமுணுத்தீர்கள். அடுத்த கவிதையில், மூலத்தில் ஆடு இருந்த இடத்தில் வேண்டுமென்றே காகம் என்று எழுதி என்னிடம் நீட்டினீர்கள். நான் ஆடு என்றே சொன்னேன்.

"தம்பி, எங்க இருக்கு ஆடு?"

தாளைப் பார்த்தேன். காகம்தான் இருந்தது.

"நீங்கள் என்ர தமிழை வாசிக்கேல்லை. காலமை வாசிச்ச கன்னடத்தை ஒப்புவிக்கிறியள்."

சோதிக்கப்படும் பொருளைக் கொண்டே அளவுகோலைச் செய்தால் என்ன ஆகும் என்று பின்னாளில் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது அந்த ஆட்டிலேயே விளங்கிவிட்டது. மூலத்தைக் கேட்டவன் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது அன்று முதல் சட்டம்.

அதனால் அந்த வேலை அண்ணனுக்குப் போயிற்று. கவிதை என்றாலே கொட்டாவி விடுகிற ஆள். தாய்மொழிக்கு இணையான கன்னடம். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான். அவனைப் பிடித்துவைக்க அம்மா கண்டுபிடித்த வழி அவரைக்காய். குளிர்காலத்தில் ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒரு கூடை அவன் முன்னால் வைத்துவிடுவாள். ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்துக்கொண்டே அவன் கன்னடம் சொல்வான். கை வேலையில் இருந்தால் வாய் அழகுபடுத்தாது. "உங்கட அண்ணை நல்ல மெஷின். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்" என்பீர்கள். அவரைக்காய் இல்லாத மாதங்களில் பட்டாணி, அதுவும் இல்லாவிட்டால் பூண்டு. நம் வீட்டுக் குழம்புகளுக்கும் உங்கள் புத்தகங்களுக்கும் இருந்த சம்பந்தம் எந்த விமரிசகருக்கும் தெரியாது.

பிறகு பத்திரிகை. வைக்க வேறு இடம் இல்லாமல் கட்டுகளையெல்லாம் மாடிப்படியில் அடுக்கியதால் பெயரும் அதுவே ஆயிற்று. கன்னடத்திலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து கன்னடத்துக்கு, சில சமயம் தெலுங்கு, ஒரு தடவை உருது. நான் பொம்மசந்திராவில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், சனிக்கிழமைகளில் உங்கள் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவேன். என் தமிழ் வந்தது அப்படித்தான். யாரும் பாடம் நடத்தவில்லை. நான் அடித்ததில் நீங்கள் சிவப்பு மையில் போட்டதைத் திரும்ப அடித்தேன், அவ்வளவுதான்.

நான் முரட்டுத்தனமாகச் சொன்ன கருத்துகள் எத்தனை? 'இந்த வரி வழவழா', 'இந்தக் கட்டுரையை எழுதினவருக்கே இது புரியாது'. ஒரு தடவைகூட நீங்கள் முகம் சுளித்ததில்லை. "ஏன் எண்டு சொல்லுங்கோ" என்பீர்கள். காரணம் சொல்ல முடிந்தால் எடுத்துக்கொள்வீர்கள், முடியாவிட்டால் தேநீர் போடச் சொல்வீர்கள். ஆபீஸில் இந்த வாயால் எனக்கு மூன்று முறை புரமோஷன் தள்ளிப்போயிருக்கிறது. நம் வீட்டில் அதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தீர்கள். இதை நீங்கள் இருக்கும்போது சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நீங்கள் இருந்துகொண்டேதானே இருந்தீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததே இல்லை. இத்தனை பேரின் கவிதைகளை மொழிபெயர்த்தீர்கள், திருத்தினீர்கள், அச்சிட்டீர்கள். உங்களுடையது ஒன்று? இங்கே வந்த பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டால், "என்ர சாமான் எல்லாம் அங்க நிக்குது, தம்பி. இஞ்ச நான் மற்றவையின்ர சாமான்தான் தூக்குறன்" என்று பேச்சை முடித்துவிடுவீர்கள். கனடாவிலிருந்து உங்கள் தம்பி ஸ்பான்சர் பேப்பர் அனுப்பியபோது நீங்கள் போய்விடுவீர்கள் என்றே நினைத்தேன். அண்ணனும் வருகிறேன் என்றான். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "அங்க போனா இன்னொரு பாஷையைப் பிடிக்கோணும். இஞ்ச பிடிச்சதே அரைவாசி" என்று காரணம் சொன்னீர்கள். அது முழுக் காரணமா?

போன செப்டம்பரில் நீங்கள் போனீர்கள். சிறுநீரகம் என்றார்கள், பிறகு இதயம் என்றார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

விட்டுப்போனது சுமித்ரா அக்காவின் கவிதைத் தொகுப்பு. மொத்தம் நாற்பது. இருபத்தொன்பது உங்கள் கண்ணெதிரே தேறியவை. பதினொன்று தமிழில் எழுதி முடித்து, சோதிக்காமல் நின்றன. சென்னைப் பதிப்பாளர் நவம்பரில் போன் செய்தார். "அப்படியே போட்டுடலாம் சார். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். மார்ச்சுக்குள் தராவிட்டால் இந்த வருஷம் இல்லை என்றும் சொன்னார்.

சோதிக்காத பக்கத்தை உங்கள் பெயரில் அச்சேற்ற நான் தயாராக இல்லை. நானே சோதிக்கலாமென்றால் பதினொன்றின் மூலத்தையும் உங்களுக்கு வாசித்துக் காட்டியவன் நான். ஆகாது. அண்ணன் ஒருவன்தான். அவனோ அந்தத் தாள்களைக் கண்டாலே எழுந்து போனான்.

"முடியாதுடா."

"முடியலன்னா புக் வராது. அவ்ளோதான்."

"வராட்டிப் போவட்டும்."

"அவங்க பன்னெண்டு வருஷ வேலை அது."

"என் பொண்டாட்டிடா அவ. நீ எனக்குச் சொல்றியா?"

அம்மா நடுவில் வந்து, "அவன விட்றா, மிஷின் மாதிரி பேசாத" என்று என்னை அடக்கினாள். இப்படியே மூன்று மாதம். ஏன் முடியாது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது சுமித்ரா அக்கா. போன வாரம் அவருக்கு ஹூப்ளிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மாத முடிவில் அங்கே சேர வேண்டும். அதைச் சொல்ல வந்தவர், அண்ணனிடம் நேராக, "என்னதான் கஷ்டம் மோகன்?" என்று கன்னடத்தில் கேட்டார். கவிதை இல்லையாம், உங்கள் கையெழுத்தாம். அதில் ஒரு வரிக்கு மேல் அவனால் வாசிக்க முடியவில்லையாம்.

அவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. இரண்டு சாயங்காலத்தில் பதினொன்றையும் அடித்து அச்செடுத்துவிட்டேன். எழுத்தைப் பார்த்து அடித்தேனே தவிர, பொருளைப் பார்க்கவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு சுமித்ரா அக்கா ஊறவைத்த அவரைக்கொட்டையோடு வந்தார். கூடையை அண்ணன் முன்னால் வைத்தார். "சீசன் முடியப்போகுது. உரிங்க" என்றார். அவன் யோசிக்கும் முன்பே கை உரிக்கத் தொடங்கிவிட்டது. நான் முதல் தாளை அவன் எதிரில் வைத்தேன்.

"ரெண்டு பேரும் பிளான் போட்டுட்டீங்களா?"

"ஆமா."

"ம்."

முதல் கவிதைக்கு வெகுநேரம் எடுத்தான். பாதி கூடை காலியான பிறகுதான் வாய் திறந்தான். சொல்லி முடித்ததும் சுமித்ரா அக்கா, "தறிக்காரன் கவிதை, எதுவும் குறையல" என்றார். இரண்டாவது சுலபமாக வந்தது. ஐந்தாவதில் ஒரு சொல் கூடுதல் என்றார், அதை நீக்கி மறுபடியும் சொன்னதும் தேறியது. அம்மா அடுப்படியிலிருந்தே, "எத்தினிடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

எட்டாவது. அண்ணன் தாளைப் பார்த்தான். வழக்கம்போல, ஏற்ற இறக்கம் இல்லாமல், கன்னடத்தில் சொல்லத் தொடங்கினான். உங்கள் தமிழ் இது:

ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம்.
மழை நாளில் பேருந்துகள் மிதந்து வருகின்றன.
இது எந்தக் கரை என்று கேட்டேன்.
இறங்குகிற இடம்தான் கரை என்றார் நடத்துநர்.
ஈரக் காலோடு இறங்கினேன்.
கடைகள் திறந்திருந்தன.

ஐந்தாவது வரியில் அவன் கை நின்றது. கடைசி வரியைச் சொல்லும்போது கூடையைப் பார்க்கவில்லை.

சுமித்ரா அக்கா கண்ணைத் திறந்தார். "இது நந்தல்ல" என்றார். என்னுடையது இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவன் அதே சொற்களில் சொன்னான். "முதல் வரி என்னோடது. அதுக்கப்புறம் அவ தனியா எறங்கிப் போயிட்டா. என் கவிதையில மழையே கெடையாது."

"அப்ப ரிஜெக்ட்" என்றேன். "முப்பத்தொன்பது போதும். சட்டம் சட்டம்தான்."

"டேய், ஒரு நிமிஷம் வாய மூடு" என்றான் அண்ணன். தாளைக் கையில் எடுத்துக்கொண்டான். "இது அவ எழுதினது. வேற யாரோடதையும் தூக்கல. அவளோடது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு நீங்கள் எழுதிய முதல் கவிதை அது. எங்களுக்குத் தெரிந்து ஒரே கவிதை. மொழிபெயர்க்க உட்கார்ந்து, கை தானாகப் போய்விட்டதா? அல்லது எங்கள் சோதனையில் இது மாட்டாமல் போகாது என்று தெரிந்தே அந்தப் பதினொன்றில் வைத்தீர்களா? யாரும் கொண்டாட வேண்டாம், கண்டுபிடித்தால் போதும் என்று நினைத்தீர்களா? நேரில் கேட்டிருந்தால் தேநீர் போடச் சொல்லியிருப்பீர்கள்.

ஏரியும் கடலும் எனக்கு விளங்காது அண்ணி. ஆனால் அந்தக் கடைசி வரி விளங்கியது. நீங்கள் வந்த வருஷம் இந்தத் தெருவில் கடைகள் எப்படிச் சாத்திக் கிடந்தன என்று பார்த்தவன் நான். அதற்குப் பிறகும் இந்த ஊரைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத உங்களுக்கு மனசு வந்திருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த என்னால் அது முடியாது. இந்த ஊர்க்காரன் என்ற முறையில் நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சுமித்ரா அக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மோகன், மூணாவது தடவை சொல்லுங்க. மெதுவா" என்றார். வங்கிச் சலானின் பின்பக்கத்தில் அவன் சொன்ன கன்னடத்தை அப்படியே எழுதிக்கொண்டார்.

"எதுக்கு?" என்றான்.

"கன்னடப் பத்திரிகைக்கு அனுப்பப்போறேன். அவ கவிதை. மொழிபெயர்ப்பு மோகன்னு போடுவேன்."

"என் பேரா? ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீங்க கவிஞர் இல்லை. அதனாலதான் கவிதை கெடாம வந்துருக்கு."

அவன் அழவில்லை, சிரித்தான். செப்டம்பருக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. ஒரு சுற்று உரித்துவிட்டு, "நடுவுல ஒரு வார்த்தை மாத்தணும். அவ சொன்ன 'ஈரம்' வேற" என்று சலானைத் திரும்ப வாங்கினான். கூட்டவும் குறைக்கவும் மாட்டாதவன். ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நானும் சுமித்ரா அக்காவும் மீதி அவரைக்கொட்டையை உரித்தோம்.

மிச்சம் மூன்றும் சாப்பாட்டுக்கு முன் தேறின. பிதுக்கம்பருப்புக் குழம்பு நன்றாக இருந்தது. அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டான்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை பொம்மசந்திரா பஸ் ஏறும் முன் பதிப்பாளருக்குப் போன். முப்பத்தொன்பது மொழிபெயர்ப்பு, ஒன்று மூலம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு பதிப்பாளர்.

2. அந்தக் கவிதை தனிப் பக்கத்தில், உங்கள் பெயரில் மட்டும். விளக்கக் குறிப்பு எதுவும் எழுத மாட்டேன். எழுத வேண்டும் என்று யாராவது கேட்டால் சண்டை போடுவேன்.

3. சுமித்ரா அக்காவின் ஏரிக் கவிதை தமிழில் இல்லாமல் நிற்கிறது. அதை நானே மொழிபெயர்த்துப் பார்க்கப்போகிறேன். சுமாராகத்தான் வரும். அதன் மூலத்தை அண்ணன் இன்னும் கேட்டதில்லை, கேட்கவும் விடமாட்டோம். ஹூப்ளிக்குத் தொலைபேசியில் சோதனை. எத்தனை முறை தேறாவிட்டாலும் திரும்பச் செய்வேன். பொறுமையாக இருக்கப் பார்க்கிறேன்.

4. கன்னடத்தில் அச்சானதும் ஒரு பிரதியை அண்ணனின் ஆபீஸுக்கு நானே கொண்டுபோய், அவன் மேனேஜர் மேஜையில் வைப்பேன்.

5. இரங்கல் கூட்டங்களில் எல்லோரும் உங்களை மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி யார் அப்படிச் சொன்னாலும், எந்த மேடையானாலும், இடையிலேயே எழுந்து கவிஞர் என்று முதலில் சொல்லச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் காரணம் கையில் இருக்கிறது, ஆறு வரி.

உங்கள் கொழுந்தன்,
ரகு